அவள் ‘நான்’ என்று பேசும்போது

எங்கள் ஆச்சி போய்ச் சேர்ந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடினால், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்காரும் நேரத்தில் சித்தி அவளை ஐந்து நிமிடமாவது வரவழைத்துவிடுவாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். கழுத்தை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பாள். “ஏட்டி, அடுப்புல பால வச்சிட்டு அங்க யார் வாயப் பாத்துட்டு நிக்க?” அவ்வளவுதான். ஆச்சியைப் பார்த்தேயிராத என் தங்கை மகள்கூட அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

சித்திக்கு ஆச்சியின் ஜாடை கிடையாது. ஆச்சி ஒல்லி, கறுப்பு, பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காது. சித்தி மூக்குக்கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற டீச்சர். அப்புறம் எப்படி ஆச்சி வந்துவிடுகிறாள்? ஆச்சி எதைச் சொல்லுவாள், எதைச் சொல்லமாட்டாள் என்று சித்திக்குத் தெரியும். கொஞ்சம் தப்பினாலும் சுற்றி இருக்கிற இருபது பேரில் யாராவது ஒருவர், “ஆச்சி அப்படிச் சொல்லமாட்டா” என்று பிடித்துவிடுவார்கள்.

வரலாற்றில் மறந்துபோன ஒரு பெண்ணாக மேடையில் நின்று பேசுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். இப்போது மகளிர் தினம் வந்தால் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் இப்படி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதைப் பற்றிய பேச்சோ இரண்டே விதமாக இருக்கிறது. “ஓ, மாறுவேடப் போட்டியா?” என்பார்கள் ஒரு சாரார். “செத்துப்போனவங்க வாயில நீங்களா வார்த்தையை வைக்கிறீங்க, இதுக்குப் பேரு வரலாறா?” என்பார்கள் இன்னொரு சாரார். முதலாவது தவறு. இரண்டாவதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாறுவேடம் எங்கே நின்றுவிடுகிறது

பள்ளி ஆண்டுவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி வேலு நாச்சியாராக வருகிறாள். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாள். அம்மாவின் பட்டுப்புடவை, இடுப்பில் ஏழெட்டு ஊக்கு. “நான்தான் வேலு நாச்சியார். வெள்ளையனை எதிர்த்து வென்ற முதல் ராணி.” மூன்றாவது வரி மறந்துபோகிறது. ஓரத்தில் நிற்கிற டீச்சர் உதட்டை அசைத்துக் காட்டுகிறார். கைதட்டல், போட்டோ, முடிந்தது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, “அம்மா, காளையார்கோவில்ல உங்க கணவர் இறந்தது 1772இல். நீங்க சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சது 1780இல். நடுவுல எட்டு வருஷம் எங்க இருந்தீங்க, யார் சோறு போட்டாங்க?” என்று கேட்டால்? குழந்தை டீச்சரைப் பார்க்கும். டீச்சர் தலைமையாசிரியரைப் பார்ப்பார். அந்த எட்டு வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது: திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் அடைக்கலம், ஹைதர் அலியிடம் உதவி, சிதறிப்போன ஆட்களைத் திரட்டியது. வாள் வந்ததெல்லாம் கடைசியில்.

மாறுவேடத்தில் ஒருத்தியைப் பார்க்கலாம். அவளிடம் எதையும் கேட்க முடியாது.

இதைச் சொல்லப் பள்ளிக்கூட இலக்கணமே போதும். தன்மை, முன்னிலை, படர்க்கை. வரலாற்றுப் புத்தகம் முழுக்கப் படர்க்கை: அவள் பிறந்தாள், போராடினாள், மறைந்தாள். இந்தக் கலையில் படர்க்கையில் கிடப்பவளைத் தன்மைக்குக் கொண்டுவருகிறோம். ‘அவள்’ என்பது ‘நான்’ ஆகிறது. அதனாலேயே கேட்பவர் அவளை முன்னிலையில், ‘நீங்கள்’ என்று அழைக்க முடிகிறது. இதைத் தன்மை நிகழ்த்துதல் என்று சொல்லிக்கொள்வோம்: சான்றுகளைப் படித்துத் தயாரான ஒருவர், வரலாற்றில் வாழ்ந்த ஒருவராக நின்று, ‘நான்’ என்று பேசி, கேள்விக்கும் பதில் சொல்வது.

இதுவரை பார்த்தது: உடை முக்கியமில்லை. கேள்வி கேட்க முடிகிறதா, அதற்குப் பதில் சொல்ல ஆள் தயாராக இருக்கிறாரா, அதுதான் வேறுபாடு.

இது ஒன்றும் இறக்குமதி இல்லை

அமெரிக்காவில் ஷடாக்வா (Chautauqua) என்றொரு மரபு உண்டு. 1874இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் கோடைகாலப் படிப்பு முகாமாகத் தொடங்கியது. அந்தப் பெயரில் இன்று நடக்கும் வரலாற்று மேடைகளில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். முதலில் பாத்திரமாகப் பேச்சு, அடுத்து பாத்திரமாகவே கேள்வி பதில், கடைசியில் வேடத்தைக் களைந்துவிட்டு ஆய்வாளராகக் கேள்வி பதில். நல்ல ஒழுங்கு. நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆனால் இதில் முதல் இரண்டும் நம் ஊரில் எப்போதோ இருந்தவை.

தெருக்கூத்தில் ராஜா வந்து நின்றதும் கட்டியக்காரன், “நீர் யார்? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தீர்?” என்று குடைவான். ராஜா ‘நான்’ என்று தன் கதையைச் சொல்லியாக வேண்டும். கதாகாலட்சேபத்தில் ஒரே ஆள், ஒரே உடை. தலையைச் சற்றுத் திருப்பினால் சீதை, திருப்பிக்கொண்டால் ராவணன்.

தெற்கே வில்லுப்பாட்டு இன்னும் நெருக்கம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், பாடப்படுகிற அம்மன் கதைகளில் பலவும் அநியாயமாகச் செத்த பெண்களின் கதைகள். பொன்னிறத்தாள் என்ற நிறைமாதக்காரியைத் திருடர்கள் புதையலுக்காகப் பலி கொடுத்தார்கள் என்று ஒரு கதை. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்ல, குடம் அடிப்பவர் “ஆமா” என்பார். கதை உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வந்து, அந்தப் பெண்ணே “நான் வந்திருக்கேன்” என்று பேசுவாள். எதிரே நிற்கிறவர்கள் அவளிடம் கேள்வி கேட்பார்கள், தங்கள் குறைகளைச் சொல்லுவார்கள். எந்த ஆவணத்திலும் ஏறாத ஒரு பெண்ணை ஓர் ஊர் தலைமுறைகளாக மறக்காமல் வைத்திருக்க இந்த ‘நான்’ போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. கொடையில் அவள் தெய்வம், “அதுக்கு என்ன ஆதாரம்?” என்று யாரும் கேட்கப் போவதில்லை. நூலகத்தில் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

ஒரே பேனாவில் எழுதக் கூடாது

இனி உள்ளே போவோம். நான் மேடையில் ஏற்றுப் பழகிய ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு ஒரு விண்ணப்பப் படிவம் ஞாபகம் வரும். 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித்தொகை கொடுக்கத் தொடங்கிய அரசுத் திட்டத்துக்கு அவர் பெயர்தான். பின்னால் தங்கமும் சேர்ந்து ‘தாலிக்குத் தங்கம்’ என்று ஊர் வாயில் நின்றது. 2022இல் அதுவே அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற ‘புதுமைப் பெண்’ ஆனது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போன பெயர். ஆளைப் பற்றிக் கேட்டால், “யாரோ தியாகியா இருக்கும்” என்பார்கள். மறந்துபோவதில் இப்படியும் ஒரு வகை. பெயர் மிஞ்சும், ஆள் காணாமல் போவார்.

அவராக நின்று பேச எழுத உட்கார்ந்தபோது, முன்னால் இதைச் செய்து பழகிய ஒரு நாடகக்கார அக்கா எனக்கு ஒரே ஒரு வேலை சொன்னார். “மூணு கலர் பேனா வாங்கு. ஒவ்வொரு வரியையும் ஒரு கலர்ல எழுது. எந்தக் கலர்னு தெரியலேன்னா அந்த வரியே வேண்டாம்.”

நீலம், சான்று உள்ள வரிகளுக்கு. முதன்மைச் சான்று என்பது அந்த ஆளோ, அந்தக் காலத்தவரோ விட்டுப்போன எழுத்து, பதிவு, பொருள். கடிதம், நீதிமன்ற ஏடு, பத்திரிகைச் செய்தி, கல்வெட்டு எல்லாம் இதில் அடங்கும். இராமாமிர்தம் அம்மையாருக்கு இதில் அதிர்ஷ்டம். 1936இல் அவர் எழுதிய நாவலே இருக்கிறது: ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தேவதாசி முறைக்குள் வளர்ந்த ஒரு பெண் அந்த முறையைத் தோலுரித்து எழுதியது. அவருடைய நக்கல், கோபம், வாக்கியத்தின் வேகம் எல்லாம் அதில் கிடைக்கும். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் 42 நாள் நடந்தது. அதில் அவரும் நடந்தார், வயது 55. அந்த ஆண்டு நவம்பரிலேயே மறியல் செய்து சிறைக்கும் போனார். இவையெல்லாம் நீலம்.

பச்சை, சொல்லப்பட்டு வரும் வரிகளுக்கு. வறுமையில் அவருடைய பெற்றோர் ஐந்து வயதில் அவரைப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கொடுத்தது நடந்திருக்கும். தொகையும் புடவையும் வாய்வழியாக வந்து சேர்ந்தவையாக இருக்கலாம். இப்படித் தலைமுறை கடந்து பேச்சிலேயே வாழும் செய்தியை வாய்மொழி வழக்கு என்பார்கள். வழக்கு என்பதால் பொய் என்று அர்த்தமில்லை. எழுத்துச் சான்றோடு சமமாக வைக்க முடியாது என்றுதான் அர்த்தம். குயிலியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெள்ளையரின் ஆயுதக் கிடங்கில் குதித்தாள் என்ற கதை சிவகங்கைச் சீமை முழுக்க இருக்கிறது, நினைவுச்சின்னமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கால எழுத்துச் சான்று என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லையென்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். குயிலியாக நிற்பவர் கட்டாயம் அந்தக் கதையைச் சொல்லலாம். ஆனால் பச்சை என்று கடைசியில் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

சிவப்பு, ஊகத்துக்கு. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 42 நாள் நடந்தால் ஒரு 55 வயதுக்காரியின் காலில் கொப்புளம் வந்திருக்கும். இதை எழுதலாமா? எழுதலாம் என்பது என் கட்சி. யார் காலாக இருந்தாலும் வரும். “அன்றிரவு செங்கல்பட்டில் நான் தனியாக அழுதேன்” என்று எழுதலாமா? கூடாது. கொப்புளம் எல்லா உடம்புக்கும் பொது. அழுகை, சந்தேகம், முடிவு இதெல்லாம் அவருக்கே உரியவை. பொதுவானதை ஊகிக்கலாம், அவருக்கே உரியதை ஊகித்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இந்தக் கோட்டை வேறு இடத்தில் போடுகிறவர்களும் உண்டு. போடாமலே எழுதுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

நான் முதலில் எழுதிய பத்து நிமிடப் பேச்சு, கலர் அடித்துப் பார்த்தபோது முக்கால்வாசி சிவப்பாக இருந்தது. நல்ல வசனங்கள் எல்லாமே சிவப்பு! ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது நான்கு நிமிடம். அப்புறம் அவருடைய நாவலை இன்னொரு முறை பென்சிலோடு படித்து, அந்த நான்கு நிமிடத்தை ஒன்பது நிமிடமாக்கினேன். இந்த முறை நீலத்தில்.

சுருக்கமாக: ஆச்சியைக் கண்காணிக்க இருபது பேர் இருக்கிறார்கள். வரலாற்றுப் பெண்ணுக்கு அந்த இருபது பேர் இல்லை. மூன்று கலரும் அவர்களுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கின்றன.

கால வழு, வழுவமைதி

என் முதல் பிரதி இப்படித் தொடங்கியது: “என்ன தாயி, என் பேரு போட்ட படிவத்த நிரப்பிட்டியா?” அருமையான தொடக்கம் என்று எனக்கே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அந்த அக்கா படித்துவிட்டு, “அவங்க எப்ப இறந்தாங்க?” என்று மட்டும் கேட்டார். 1962. திட்டம் வந்தது 1989. தன் பெயரில் ஒரு திட்டம் வருமென்று அந்த மனுஷிக்கு எப்படித் தெரியும்?

இதுதான் கால வழு: பாத்திரம் தன் காலத்தில் அறிந்திருக்க முடியாத ஒன்றை அறிந்ததுபோலப் பேசிவிடுவது. இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு, ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்குப் பொருந்துகிறது. இந்தத் துறையில் கால வழு செல்போனாகவோ கைக்கடிகாரமாகவோ வருவது குறைவு. அதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். கருத்தாக வரும்போதுதான் பிடிபடாது. 1930களின் பெண் இன்றைய கருத்தரங்கு மொழியில் ‘பாலின சமத்துவம்’ பேசினால் அதுவும் கால வழுதான். அன்று அவர்கள் பயன்படுத்திய சொற்கள் மானம், சுயமரியாதை, இழிதொழில் என்று போகும். அந்தச் சொற்களில் சில இன்று காதில் உறுத்தும். உறுத்தட்டும்.

அதே இலக்கணம் வழுவமைதி என்றும் ஒன்றை வைத்திருக்கிறது: தப்புத்தான், ஆனாலும் காரணத்தோடு அனுமதித்த தப்பு. இங்கேயும் உண்டு. வேலு நாச்சியார் 18ஆம் நூற்றாண்டுத் தமிழிலேயே பேச வேண்டுமென்றால் கூட்டம் பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். மொழியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம், அறிவை மட்டும் அவள் காலத்தோடு நிறுத்த வேண்டும்.

அந்தப் படிவ வசனத்தை விட மனசில்லை. கடைசியில் கூத்திலிருந்தே வழி கிடைத்தது. கூட ஒரு பையனைக் கட்டியக்காரன் மாதிரி நிற்க வைத்தோம். அவன் இந்தக் காலத்து ஆள். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “இதுல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்னு போட்டிருக்கே, யாருங்க அது?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பான். யாருக்கும் தெரியாது. அந்த அமைதியில் நான் பின்வரிசையிலிருந்து எழுந்து நடந்து வருவேன்.

“பெரியாரை விட்டு ஏம்மா போனீங்க?”

பேச்சை மனப்பாடம் செய்யலாம். கேள்வி நேரத்தை எதைக் கொண்டு சமாளிப்பது?

முதல் நிகழ்ச்சி ஒரு கிளை நூலகத்தின் வாசிப்பு அறையில். முப்பது பேர் இருப்பார்கள். பேச்சு ஓடிவிட்டது. கேள்வி நேரத்தில், முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார்: “1949இல பெரியாரை விட்டு ஏம்மா போனீங்க?”

எனக்குத் தெரிந்த நீலம் இவ்வளவுதான்: அந்த வருடம் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்ததை இராமாமிர்தம் அம்மையார் ஏற்கவில்லை, பிரிந்து, புதிதாகத் தொடங்கிய தி.மு.க. பக்கம் போனார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்வக்கோளாறில், மனசு எப்படி உடைந்தது, எத்தனை நாள் தூங்கவில்லை என்று இரண்டு நிமிடம் அளந்துவிட்டேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெரியவர் மட்டும் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டிவிட்டு, “அது அவங்க சொன்னதா, நீ சொன்னதாம்மா?” என்றார்.

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

அன்று கற்றுக்கொண்டதை இன்று புதிதாக வருகிறவர்களுக்கு இப்படிச் சொல்லித் தருகிறேன். பாத்திரமாக நிற்கும்போது தெரியாத கேள்வி வந்தால், பாத்திரமே பதில் சொல்ல மறுக்கலாம். “அதப் பத்தி நான் எங்கயும் எழுதி வைக்கலயே, தம்பி” என்பது முழுக்க நேர்மையான பதில். அந்த அம்மா பேசியது மாதிரியும் இருக்கும், சான்று இல்லை என்ற தகவலும் கேட்பவருக்குப் போய்விடும்.

அடுத்தது வேடம் கலைத்தல். பாத்திரத்திலிருந்து வெளிப்படையாக இறங்கி, இனிமேல் பேசுவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்வது. நான் தோளில் ஒரு கதர்த் துண்டு போட்டிருப்பேன். அதை எடுத்து மடித்து நாற்காலியின் முதுகில் போடுவேன். அதற்குப் பிறகு, “இதுவரைக்கும் சொன்னதில் எது நீலம், எது பச்சை, எது சிவப்பு, கேளுங்கள்” என்பேன். பேச்சைவிட இந்தப் பகுதிக்குத்தான் நேரம் கூடுதலாக வேண்டும். ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் இதை வெட்டிவிட்டுப் பொன்னாடை போர்த்தப் பார்ப்பார்கள். விடக் கூடாது.

எதிர்ப்பக்கம் நின்றவள்

ஒருத்தியின் ‘நான்’-ஐ வாரக்கணக்கில் சுமந்தால் அவளுக்கு வக்காலத்து வாங்கத் தோன்றும். அவளை எதிர்த்தவர்கள் எல்லாம் வில்லன்களாகத் தெரிவார்கள். இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டபோது, எதிர்த்துக் குரல் கொடுத்த தேவதாசிகளும் இருந்தார்கள். அவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் முக்கியமானவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தன் சொத்தைக் கொட்டியவர். முத்துப்பழனி என்ற தஞ்சைத் தெலுங்குப் பெண் கவியின் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, ஆபாசம் என்று தடை வந்தபோது மல்லுக்கு நின்றவர். மறந்துபோன ஒரு பெண்ணை மீட்க இன்னொரு பெண் நடத்திய சண்டை அது. இன்று அவர் சிலை தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு தைமாதம் நின்று பார்க்கலாம்.

எங்கள் கலை, எங்கள் சொத்துரிமை, எங்கள் வாழ்வு இதெல்லாம் என்ன ஆகும் என்பது அவர்கள் தரப்புக் கேள்வி. 1947இல் சட்டம் வந்துவிட்டது, கேள்வி மட்டும் இன்னும் ஆய்வரங்குகளில் ஓடுகிறது. என் ஆசை, ஒரே மேடையில் இரண்டு நாற்காலி போட்டு இராமாமிர்தம் அம்மையார், நாகரத்தினம்மாள் இருவரையும் உட்கார வைப்பது. யார் சரி என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நல்ல நடிப்பின் ஆபத்து

ஔவையார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், கணீரென்ற குரல். அது 1953இல் வந்த திரைப்படத்தின் கே.பி. சுந்தராம்பாள். அப்போது அவர் நாற்பதுகளில்தான் இருந்தார். 1935இல் நந்தனாராக ஆண் வேடமே கட்டியவர், பாட்டி வேடம் எம்மாத்திரம்! அந்த நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால், நமக்கு ஒரே ஒரு ஔவைதான் மிஞ்சினாள்.

ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு, சங்க கால ஔவை வேறு, நடுவே பல நூற்றாண்டுகள். சங்கத்து ஔவை அதியமானின் தோழி. புறநானூறு 235இல் அவன் இறந்த துக்கத்தில் சொல்கிறாள்: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, மிச்சத்தை மகிழ்ந்து குடிப்பான் என்று. 89ஆம் பாட்டில் எதிரி அரசன் அவளை, மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்று அழைப்பதாக வருகிறது. கோலூன்றிய பாட்டி இதில் எங்கே? அந்தப் பெண்ணை நாம் மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவள் மேல் இன்னொரு முகத்தை ஒட்டிவிட்டோம்.

ஆகவே பாத்திரம் கச்சிதமாக அமைந்துவிட்டது என்று எல்லோரும் பாராட்டினால் கொஞ்சம் பயப்படுவது நல்லது.

பெயரே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் பெயராவது இருக்கிறது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப்பெண்கள் ஏராளம். அதன் தலைவி லட்சுமி சேகல் தெரியும். விடியலில் பால் வெட்டிக்கொண்டிருந்து துப்பாக்கி பிடித்த மற்றவர்களில் எத்தனை பேரின் கதை தனியாக எழுதப்பட்டிருக்கிறது?

இங்கே பயன்படுவது தொகுப்புப் பாத்திரம்: பலருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்த உண்மையான துணுக்குகளைச் சேர்த்துக் கட்டிய ஒருத்தி. பெயர் மட்டும் நாம் வைத்தது. தோட்டத்தில் எத்தனை மணிக்குப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கூலி எவ்வளவு, படையில் என்ன சாப்பாடு என்பதெல்லாம் நீலத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒருத்தி தனியாக வாழவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், முடிவில் அல்ல. முடிவில் சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றும்.

எங்கே தொடங்குவது

வேலு நாச்சியாரில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருப்பாள்.

போன பொங்கலுக்கு இந்த முறையைச் சித்தியிடம் சோதித்துப் பார்த்தேன். வழக்கம்போல முந்தானையைச் செருகி, கழுத்தைச் சாய்த்து ஆச்சி வந்தாள். இரண்டு மூன்று ஏச்சு, எல்லோரும் சிரிப்பு. நான் கையைத் தூக்கி, “ஆச்சி, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டேன்.

சித்தி வாயைத் திறந்தாள். சாய்ந்த கழுத்து மெதுவாக நிமிர்ந்தது. இடுப்பிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

“தெரியலையே” என்றாள், தன் குரலில்.

“ரேஷன் கார்டுல இசக்கியம்மாள்னு இருக்கும்” என்றார் பெரியம்மா.

“அது எழுதுனவன் வச்ச பேருல்லா. அவ ஆத்தா அப்படியா கூப்பிட்டிருப்பா?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமாதான், ஆச்சியின் கடைசித் தங்கச்சி இன்னும் களக்காட்டில் இருக்கிறாள், காது மந்தம், ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸுக்கு நானும் சித்தியும் கிளம்பினோம். சித்தி கைப்பையில் ஒரு நோட்டும், என்னிடமிருந்து வாங்கிய நீலப் பேனாவும் எடுத்து வைத்திருந்தாள்.